வேப் கருவி, உள் பேட்டரி, வெளி பேட்டரி: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீன்யாவில் மின்சார ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி பேக் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறேன். வேப் கருவிக்குள், அதாவது மின் சிகரெட்டுக்குள், இருக்கும் செல்லும் எங்கள் பேக்கில் இருக்கும் செல்லும் ஒரே குடும்பம் என்பதால், அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து நண்பர்கள், துபாய், லண்டன் போன உறவினர்கள் என்று பலர் என்னிடம் கேட்பது இந்தக் கேள்விகள்தான். நான் மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. பேட்டரி பற்றி நீளமாகச் சொல்வேன், மற்றதைத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

பெங்களூரில் நல்ல வேப் எந்தக் கடையில் கிடைக்கும்?

சட்டப்படி எந்தக் கடையிலும் கிடைக்காது. கர்நாடக அரசு 2016-லேயே மின் சிகரெட் விற்பனையைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகிப்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே அதில் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்ததற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"ஆனால் பெட்டிக்கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறாரே?" என்று அடுத்து கேட்பீர்கள். தருகிறார்தான். பில் தரமாட்டார், வாரண்டி தரமாட்டார், பெட்டிக்குள் என்ன செல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கருவி சூடானால் போய்ச் சண்டை போடவும் முடியாது. கீழே நான் பேசப்போகும் 'உள்ளே பொதிந்த பேட்டரியா, கழற்றும் பேட்டரியா' என்ற கேள்விக்கே, வாங்கும் பொருள் அசல் என்று உறுதியாகத் தெரியும் ஊரில்தான் அர்த்தம் உண்டு. இங்கே மறைவில் வாங்குகிறவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் பெங்களூரில் வாங்குவதற்கு என்னிடம் மாடல் பெயர் கேட்காதீர்கள்.

விற்றால்தானே குற்றம்? நான் சும்மா பையில் வைத்திருந்தால்?

சட்டத்தில் 'பயன்படுத்துவது' என்று தனியாக ஒரு குற்றம் எழுதப்படவில்லை. அதை வைத்துத்தான் பலர் தைரியமாகச் சுற்றுகிறார்கள். ஆனால் 'இருப்பு', 'கொண்டுசெல்வது' என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. எந்த வடிவில், எந்த அளவில் கையில் வைத்திருந்தாலும் மீறல்தான் என்று சுகாதார அமைச்சகம் 2023-ல் சொல்லியிருக்கிறது. வழக்கு நிற்குமா நிற்காதா என்பது நீதிமன்ற விஷயம். அங்கே போய் வாதாடும் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

நிகோடின் இல்லாத, வெறும் வாசனை மட்டும் உள்ள வேப் பரவாயில்லையா?

இல்லை. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் மின் கருவி என்றால் தடைக்குள் வந்துவிடும். மின் ஹூக்காவும், புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவியும் அப்படித்தான்.

நான் துபாயில் இருக்கிறேன், இங்கே சட்டப்படி விற்கிறார்கள். கருவிகளில் எத்தனை வகை?

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் விற்பனைக்கு அனுமதி உண்டு. சிகரெட் பிடிக்காதவர் என்றால் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள். புதிதாக ஒரு பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஏற்கெனவே சிகரெட்டில் இருந்து இதற்கு மாறியவர்களுக்கு மட்டும் மேற்கொண்டு சொல்கிறேன்.

அடிப்படையில் எல்லாக் கருவியும் ஒன்றுதான். பேட்டரி, சூடாகும் கம்பிச்சுருள், அதாவது காயில், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறும் லிக்விட். லிக்விட் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, பெரும்பாலும் நிகோடின். சீனாவின் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ல் காப்புரிமைக்குப் போட்ட கருவி லிக்விட்டை மீயொலி அதிர்வால் ஆவியாக்கியது; காயில் பிறகு வந்தது, அதன் பின் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. மாறியது பேட்டரியின் அளவும் அதைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும்.

தீர்ந்தால் தூக்கிப் போடுவது டிஸ்போசபிள். பேட்டரி உள்ளேயே இருந்து, லிக்விட் அறையை மட்டும் மாற்றுவது அல்லது நிரப்புவது பாட். பெட்டி மாதிரி பெரிதாக, வாட் அளவைக் கூட்டிக் குறைக்கும் திரையோடு வருவது மாட். மாட் வகையில்தான் கழற்றும் பேட்டரி அதிகம். கடைசியாக, சர்க்யூட்டே இல்லாத வெறும் உலோகக் குழாய் ஒன்று உண்டு, மெக்கானிக்கல் மாட் என்பார்கள். அதைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், அங்கே சொல்கிறேன்.

பேட்டரி உள்ளே பொதிந்தது நல்லதா, கழற்றி மாற்றுவது நல்லதா?

ஒரே வரியில் பதில் கேட்பவர்களுக்கு: பேட்டரியைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ள விருப்பம் இல்லை என்றால் உள்ளே பொதிந்தது, கற்றுக்கொண்டு கவனமாக இருப்பேன் என்றால் கழற்றக்கூடியது. இரண்டிலும் ஆபத்து உண்டு, வரும் பக்கம் வேறு.

உள்ளே பொதிந்த பேட்டரியை, அந்தக் கருவிக்கு எத்தனை ஆம்ப் மின்னோட்டம் தேவை என்று கணக்குப் பார்த்து தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்து வைக்கிறார். அளவுக்கு மேல் சார்ஜ் ஆகாமல், அடியோடு வற்றாமல், ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன போர்டு இருக்கும். நீங்கள் செல்லைத் தலைகீழாகப் போட முடியாது, சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போட்டு ஷார்ட் செய்ய முடியாது. விபத்துகளில் கணிசமானவை மனிதக் கையால் நடப்பவை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

அதன் குறை ஆயுள். லித்தியம் அயான் செல் முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாக சார்ஜ் ஆனபின் கொள்ளளவில் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். தினமும் ஒரு முறை சார்ஜ் போடுகிறவருக்கு ஒன்று, ஒன்றரை ஆண்டில் காலையில் போட்டது மதியத்துக்குள் தீரும். அப்போது காயில், திரை, பட்டன் எல்லாம் நன்றாக இருந்தாலும் கருவியையே மாற்ற வேண்டும். சிலர் பிரித்து வேறு பேட்டரியை சாலிடர் செய்கிறார்கள். மெல்லிய பை வடிவ செல்லை வீட்டு மேஜையில் கத்தியால் நெம்புகிற வேலையை, அதைத் தொழிலாகச் செய்கிற நானே என் வீட்டில் செய்ய மாட்டேன்.

கழற்றும் வகையில் கருவி பல ஆண்டு ஓடும். செல் தளர்ந்தால் செல்லை மட்டும் மாற்றலாம். கூடுதல் ஜோடி வைத்திருந்தால் பிளக் பாயின்ட் தேட வேண்டாம். தனி சார்ஜரில் போடலாம், வோல்டேஜ் பார்க்கலாம், உறை கிழிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். உள்ளே பொதிந்ததில் இந்தப் பார்வையே கிடையாது. வீங்கி, மூடி தூக்கிய பிறகுதான் தெரியும்.

ஆனால் இங்கே பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில். சரியான செல் வாங்குவது, அசலா என்று பார்ப்பது, பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது, இரண்டு செல் போடும் மாட் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, சேர்ந்தே சார்ஜ் செய்து, சேர்ந்தே ஓய்வு கொடுப்பது. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று கலந்தால் பலவீனமான செல் மற்றதற்கு முன்பே வற்றிவிடும், அதற்குப் பிறகும் மற்றது அதன் வழியாக மின்சாரத்தை இழுத்துத் தள்ளும். ஸ்கூட்டர் பேக்கில் ஒவ்வொரு செல்லையும் அளந்து ஜோடி சேர்ப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த உருளை செல்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள், இவற்றைத் தனியாக எடுத்து மின் சிகரெட்டில் போட வேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. பாதுகாப்பு போர்டோடு பேக்காகக் கட்டுவதற்காக அவை செய்யப்பட்டவை. சந்தையில் தனியாகக் கிடைக்கின்றன என்பது வேறு விஷயம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அப்போது இந்தக் கேள்வியின் ஒரு பகுதி தானாகவே மாறலாம். குப்பையைக் குறைக்க வந்த விதி அது. செல்லைக் கையாளும் ஒழுங்கு தெரியாத கைகளில் போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கவலை உண்டு.

18650, 21700 என்றால் என்ன?

அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். 21700 என்பது 21-க்கு 70. பரும அளவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டுமே முழு சார்ஜில் 4.2 வோல்ட். புதிதாக வாங்குவதானால், ஒரே ஒரு 21700 போடும் கருவிதான் என் தேர்வு. ஜோடி சேர்க்கும் தலைவலி இல்லை, ஒரு 18650-ஐ விட நீண்ட நேரம் தாங்கும்.

எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் '9900 எம்.ஏ.எச்' என்று போட்ட 18650 மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். நம்பகமான தயாரிப்பாளர்களின் 18650 செல்லில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடிய கொள்ளளவின் உச்சம் சுமார் 3500 எம்.ஏ.எச், அதாவது மில்லிஆம்ப்-மணி. அந்த அளவு உடலுக்குள் 9900 அடங்காது. எழுத்தில் 9900 இருந்தால் உள்ளே ஆயிரம் இருந்தாலே பெரிய விஷயம். சில சமயம் உறைக்குள் சின்ன செல்லும் மீதிக்கு மண்ணும் மாவும் அடைத்தது வரும். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள்: அசல் 18650 சுமார் 45 கிராம் இருக்கும், போலி பெரும்பாலும் அதைவிட எடை குறைவு.

எஸ்.பி. ரோட்டையே குறை சொல்லவில்லை. நானும் கனெக்டருக்கும் நிக்கல் பட்டைக்கும் அங்கேதான் போகிறேன். பழைய லேப்டாப் பேக்கைப் பிரித்து, பளபளவென்று புது உறை சுற்றிய செல்லும் அதே தெருவில் அதே விலையில் கிடைக்கும் என்று தெரிந்து போங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 தரப்படி, இந்தியத் தரநிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் பதிவு கட்டாயம். அந்த முத்திரை எங்கே என்று கேட்டால் சிலர் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதுவே பதில்.

அப்படியானால் லேப்டாப் செல் பயன்படாதா? அசல் கம்பெனி செல்தானே?

அசல்தான், ஆனால் லேப்டாப்புக்காகச் செய்தது. மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கும். திடீரென்று இருபது ஆம்ப் கேட்டால் சூடாகும். கொள்ளளவு கூடினால் ஆம்ப் குறையும், ஆம்ப் கூடினால் கொள்ளளவு குறையும். ஒரே அளவு உடலுக்குள் இரண்டையும் உச்சத்தில் வைக்க முடியாது. அதனால் 3500 எம்.ஏ.எச் என்று பார்த்ததும் ஆசைப்படாதீர்கள். உதாரணமாக சாம்சங் 25ஆர் என்ற செல்லின் கொள்ளளவு 2500 எம்.ஏ.எச் மட்டுமே, ஆனால் தொடர்ந்து 20 ஆம்ப் கொடுக்கும்படி மதிப்பிடப்பட்டது.

எனக்கு எத்தனை ஆம்ப் செல் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பள்ளிக்கூடக் கணக்குதான். வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்ப். ஒரே செல் போடும் மாட்டில் 60 வாட் வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். முழு சார்ஜில் 60-ஐ 4.2-ஆல் வகுத்தால் 14 ஆம்ப் சொச்சம். ஆகா, 15 ஆம்ப் செல் போதும் என்று இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சார்ஜ் இறங்கி 3.2 வோல்டுக்கு வந்தபின் அதே 60 வாட்டுக்கு 18.75 ஆம்ப் வேண்டும். சர்க்யூட்டில் பத்து சதவீதம் வீணாகிறது என்று வைத்தால் 20.8. அதாவது பேட்டரி களைத்துப் போகும்போதுதான் அதனிடம் அதிகம் கேட்கிறோம். இருபது ஆம்ப் செல்லும் அங்கே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஐம்பது வாட்டுக்குள் வையுங்கள், அல்லது பெரிய செல்லுக்குப் போங்கள்.

பாட் கருவியில் இந்தக் கவலை குறைவு. 15 வாட் என்றால் நாலைந்து ஆம்ப்தான்.

மெக்கானிக்கல் மாட் வாங்கலாமா? பார்க்க அழகாக இருக்கிறது.

வேண்டாம். பட்டனை அழுத்தினால் செல்லும் காயிலும் நேராகச் சேரும், நடுவில் காவல் எதுவும் கிடையாது. 0.1 ஓம் மின்தடை உள்ள காயில் போட்டால் முழு சார்ஜில் 42 ஆம்ப் இழுக்கும். அதை நிம்மதியாகக் கொடுக்கும் 18650 கிடையாது. அழகுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு வாங்கிக்கொள்ளலாம்.

போனுக்குக் கொடுத்த 65 வாட் சார்ஜரில் வேப்பை சார்ஜ் செய்தால் வெடிக்குமா?

சார்ஜரின் 65 வாட்டும் கருவிக்குள் பாயாது. கருவி கேட்டால்தான் சார்ஜர் வோல்டேஜைக் கூட்டும், கேட்காதவரை 5 வோல்ட்தான். பயப்பட வேண்டியது சார்ஜரை அல்ல, மலிவான கருவியின் உள்ளே இருக்கும் சார்ஜிங் போர்டை. கையேட்டில் 5 வோல்ட், 1 ஆம்ப் என்று போட்டிருந்தால் அப்படி ஒரு பழைய அடாப்டரைப் பயன்படுத்துவது நல்லது.

சிலருக்கு வேறு குழப்பம்: இரு முனையும் டைப் சி உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது, பழைய சதுர முனைக் கேபிளில் ஏறும். கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். போர்டில் வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதையே மிச்சம் பிடித்தவர்கள் வேறு எதை விட்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பேன்.

படுக்கையில், தலையணை பக்கத்தில், இரவெல்லாம் சார்ஜ் போட வேண்டாம். கழற்றும் செல் என்றால் தனி சார்ஜர் நல்லது.

உண்மையிலேயே பாக்கெட்டில் வெடிக்கிறதா, இல்லை வாட்ஸ்அப் கதையா?

நடக்கிறது, அபூர்வமாக. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை அந்த நாட்டு ஊடகங்களில் வந்த 195 நிகழ்வுகளைத் தொகுத்தது. அதில் 61 பாக்கெட்டில் கருவியோ தனி செல்லோ இருந்தபோது, 60 பயன்படுத்தும்போது, 48 சார்ஜ் போட்டிருந்தபோது. அந்தத் தொகுப்பில் உயிரிழப்பு இல்லை; பிறகு 2018-ல் ஃபுளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் ஒவ்வொருவர் இறந்தார்கள்.

பாக்கெட் கணக்கு ஏன் அவ்வளவு? உருளை செல்லின் உடல் முழுவதும் மைனஸ், மேலே நடுவில் இருக்கும் மொட்டு மட்டும் பிளஸ். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஒரு காகித வளையம். செல்லின் மேல் விளிம்பில் உறை கொஞ்சம் கிழிந்திருந்து, வண்டிச் சாவியோ சில்லறையோ பட்டால் போதும். அதனால் தனி செல்லை பிளாஸ்டிக் டப்பா இல்லாமல் வெளியே எடுக்கவே கூடாது. கிழிந்த உறையை டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். புது உறை சுற்றலாம், அல்லது செல்லை ஒதுக்கலாம்.

வெயிலும் எதிரி. பெங்களூரில் மரநிழல் இருக்கிறது என்று நம்பி ஸ்கூட்டர் டிக்கியிலும் கார் டேஷ்போர்டிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் உள்ளே ஊரின் வெப்பநிலை செல்லுபடியாகாது.

இருக்கும் கருவியை எப்போது மாற்ற வேண்டும்?

கருகிய வாடை வந்தால் கருவி அல்ல, காயில் போய்விட்டது. இதற்காகவே புதுக் கருவி வாங்குகிறவர்கள் அதிகம், கடைக்காரரும் தடுப்பதில்லை. கசிவு என்றால் முதலில் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒரு நாள் தாங்கவில்லை என்றால் பேட்டரி, அதுவும் கழற்றும் வகையில் செல் மாற்றினால் தீர்ந்தது.

கருவியையே ஒதுக்க வேண்டிய நேரங்கள்: சும்மா இருக்கும்போதே சூடாகிறது, பட்டன் தானாக அழுந்திக்கொள்கிறது, உடல் வீங்கியிருக்கிறது, தண்ணீரில் விழுந்தது, சார்ஜ் போர்ட் கருத்திருக்கிறது. இதில் எதற்கும் 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' கிடையாது.

பெரிய புகை வேண்டும் என்று மட்டும் வாட் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட் கூடினால் லிக்விட் செலவு கூடும், அதே அளவு நிகோடின் வீரியத்தோடு போனால் உடலுக்குள் போவதும் கூடும். பாட் கருவியின் 20 மில்லிகிராம் லிக்விட்டை எண்பது வாட் டேங்கில் ஊற்றித் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். சிகரெட்டில் இருந்து இறங்க வந்தவருக்கு இது மேம்பாடு இல்லை, திரும்ப ஏறுவது.

மகன் லண்டனில் படிக்கிறான். டிஸ்போசபிள் தடை என்கிறானே, இப்போது எதை வாங்குவது?

ஆமாம், 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப் விற்கக் கூடாது. சார்ஜ் செய்யவும் லிக்விட் நிரப்பவும் முடிந்தால்தான் விற்கலாம். தடைக்கு முக்கியக் காரணம் சிறுவர்கள் பிடிப்பதும் குப்பையும். தூக்கிப்போட்டவற்றில் பலவற்றுக்குள் இருந்தது நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் செல். சார்ஜ் துளை மட்டும் வைக்காமல் விற்றார்கள். பேட்டரிக்காரன் கண்ணில் அதைவிட வயிற்றெரிச்சல் கிடையாது.

நிகோடின் உச்சம் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், டேங்க் 2 மில்லி, நிகோடின் பாட்டில் 10 மில்லி என்பது அங்கே விதி. ஏற்கெனவே பிடிக்கிறவன் என்றால், காயில் மாற்றவும் நிரப்பவும் முடிகிற சாதாரண உள் பேட்டரி பாட் போதும். மாணவர் விடுதியில் தனி செல்லும் சார்ஜரும் எதற்கு? ஊருக்கு வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கும்போது பையில் இருந்தால்?

இறக்குமதி தடைக்குள் வரும், சுங்கத்தில் பறிபோகலாம். சொந்த உபயோகம் என்பது தனி அனுமதி இல்லை.

மற்ற நாடுகளுக்கு இடையே பறக்கும்போது பொது விதி: கருவியும் தனி செல்லும் கைப்பையில் மட்டும், லக்கேஜில் போடக் கூடாது, விமானத்தில் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஆட்கள் அடிக்கடி தடுக்கி விழுவது சிங்கப்பூரில்தான். அங்கே விற்பது மட்டும் இல்லை, வைத்திருப்பதும் பிடிப்பதுமே குற்றம். சித்தப்பா வீட்டுக்கு ரெண்டு நாள் போகிறேன் என்றாலும் கொண்டுபோகாதீர்கள்.

வீங்கிய கருவியை, பழைய செல்லை எங்கே போடுவது?

காலையில் வரும் குப்பை வண்டியில் மட்டும் வேண்டாம். லாரிக்குள் அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிக்கும், அதில் கை வைப்பது துப்புரவுப் பணியாளர். செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். வீங்கியதை மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். மின்கழிவு எடுக்கும் பதிவு பெற்ற நிறுவனங்கள் பெங்களூரில் நிறைய உண்டு. பேட்டரி கழிவுக்கு 2022 முதல் தனி விதியே இருக்கிறது.

எல்லாம் சரி அண்ணா, சிகரெட்டுக்கு இது பரவாயில்லையா?

நான் மருத்துவன் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். தெரிந்ததைச் சொல்கிறேன். எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை, அதனால் பிரிட்டன் மருத்துவத் துறை சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இதை ஒரு வழியாகச் சொல்கிறது. சிகரெட்டை விடுவதற்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, சூயிங்கத்தைவிட நிகோடின் வேப் கூடுதலாக உதவுகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. உலக சுகாதார அமைப்பு அப்படிப் பரிந்துரைப்பதில்லை. நீண்டகால விளைவு தெரிய இன்னும் ஆண்டுகள் வேண்டும்.

மறைவுச் சந்தை சரக்குக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அமெரிக்காவில் 2019-20-ல் நுரையீரல் பாதிப்பால் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், அதில் இறந்தவர்கள் 68 பேர். முக்கியக் காரணமாகக் கண்டது, பெரும்பாலும் முறைசாரா வழியில் வந்த கஞ்சா லிக்விட்டில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட். பாட்டிலில் ஒட்டிய லேபிளை நம்பி உள்ளிழுத்தவர்கள்தான் அவர்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டு விடுவதற்கு என்ன வழி?

புகையிலை விடும் தேசிய இலவச உதவி எண் 1800-112-356. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் அதன் மையம் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். வேப்பில் இருந்து இறங்குகிறவர்கள் கருவியை அலமாரியில் பத்திரப்படுத்தாமல், கழற்றும் வகை என்றால் பேட்டரியைக் கழற்றி, மின்கழிவில் கொடுத்துவிடுவது நல்லது. மிச்ச லிக்விட்டையும் வீட்டில் வைக்காதீர்கள், குழந்தை குடித்தால் நிகோடின் விஷம்.

விட்டுவிட்டேன். நல்ல 18650 ரெண்டு மிச்சம் இருக்கிறது, டார்ச்சில் போடலாமா?

உறை முழுதாக இருந்து, மல்டிமீட்டரில் 2.5 வோல்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போடலாம். ஒரு செல் போடும் டார்ச்சாகப் பாருங்கள். சில டார்ச்சுகள் பாதுகாப்பு போர்டு வைத்த செல்லுக்காகச் செய்தவை, அந்த செல் நாலைந்து மில்லிமீட்டர் நீளம் கூட. உங்களுடையது உள்ளே ஆடும், எரியாது. டார்ச் மங்கத் தொடங்கியதுமே அணைத்து சார்ஜ் போட்டுவிடுங்கள். அடியோடு வற்ற விட்டால், வேப்பில் தப்பித்த செல் டார்ச்சில் செத்துவிடும்.